பூட்டு நம் வீட்டில், சாவி யார் கையில்?

திண்டுக்கல் என்றதும் பலருக்கும் பூட்டுதான் நினைவுக்கு வரும். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூட்டுகளில் மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு எனப் பல வகைகள் உண்டு. எந்த வகையை வாங்கினாலும் கடைக்காரர் சாவியையும் சேர்த்துத்தான் கொடுப்பார். நாளைக்கே அவர் கடையைக் காலி செய்து விட்டுப் போனாலும் நம் வீட்டுக் கதவு திறக்கும்.

கம்ப்யூட்டரிலும் மொபைல் போனிலும் நாம் காசு கொடுத்து வாங்கும் புத்தகங்கள், திரைப்படங்கள், கேம்ஸ் ஆகியவற்றிற்கும் ஒரு பூட்டு இருக்கிறது. டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மெண்ட், சுருக்கமாக டி.ஆர்.எம். என்று இதனை அழைக்கிறார்கள். இந்தப் பூட்டில் ஒரு வேடிக்கை உண்டு. பூட்டு நம் வீட்டில் இருக்கும். சாவி மட்டும் விற்றவரிடமே இருக்கும்.

நான் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கடந்த ஆறு மாதங்களாக மாதத்தில் பாதி நாட்கள் தொப்பம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறேன். மாலையில் லேப்டாப்பை மூடிய பிறகு கிடைக்கும் நேரத்தில் கொஞ்சம் படித்தேன், சில படங்கள் பார்த்தேன், சில கேம்ஸ் விளையாடினேன். கூடவே வீட்டில் ஒரு பழைய சிடியைத் திறக்கும் வேலையும் வந்து சேர்ந்தது. நான்குமே வேறு வேறு விஷயங்கள் என்றாலும், நான்கிலும் ஒரே கேள்விதான் எழுந்தது. சாவி யார் கையில்?

படித்தது

முதலில் படித்தது உ.வே.சாமிநாதையரின் "என் சரித்திரம்". இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் நூல் இது. டவுன்லோட் செய்து போனில் போட்டுக் கொண்டேன். பழனிக்குப் பஸ்ஸில் போகும்போதும், மின்சாரம் இல்லாத நேரத்திலும், நெட் கனெக்சன் இல்லாமலே படித்து முடித்தேன்.

1880ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பிறகு, சீவக சிந்தாமணியின் ஓலைச் சுவடிகளைத் தேடி அவர் அலையத் தொடங்குகிறார். 1887ல் அந்த நூலை அச்சிடுகிறார். கம்ப்யூட்டர் துறையில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை அவசியம் படிக்க வேண்டும். ஒரு பிரதி கிடைத்ததும் அவர் நின்று விடுவதில்லை. இன்னொரு ஊரில் இன்னொரு பிரதி இருக்கிறதா என்று தேடுகிறார். ஒன்றில் செல்லரித்த இடம் மற்றொன்றில் நன்றாக இருக்கும். ஒன்றில் எழுதியவர் விட்ட சொல் மற்றொன்றில் கிடைக்கும். இன்று நாம் "பேக்கப்" என்று சொல்வதன் முழு அர்த்தமும் இதில் இருக்கிறது. கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெருப்பில் இட்டு விட்டார்கள் என்று கேட்டு அவர் மனம் நொந்ததையும் அந்த நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி 2009 ஜூலையில் நடந்தது. அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவியில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய "1984", "அனிமல் பார்ம்" ஆகிய நூல்களின் ஒரு குறிப்பிட்ட பதிப்பைப் பலர் வாங்கியிருந்தார்கள். அந்தப் பதிப்பை விற்றவருக்கு அமெரிக்காவில் அதற்கான உரிமை இல்லை என்று தெரிய வந்தது. உடனே அமேசான், வாங்கியவர்களின் கருவிகளில் இருந்து அந்த நூல்களைத் தன் இடத்தில் இருந்தபடியே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பின்னர் அதன் தலைவர் ஜெப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்த ஒரு மாணவருக்கு, அந்தக் குறிப்புகள் எதைப் பற்றியவை என்று தெரியாமல் பயனற்றுப் போயின. அவர் வழக்குத் தொடர்ந்தார். வழக்கு சமரசத்தில் முடிந்தது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2019ல் தன் ஈ-புத்தகக் கடையை மூடியது. அந்த ஆண்டு ஜூலையில் அங்கு வாங்கிய நூல்கள் எல்லாம் திறக்காமல் போயின. இங்கும் பணம் திரும்பக் கிடைத்தது. நஷ்டம் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகத்தை, நாம் இல்லாத நேரத்தில் கடைக்காரர் வந்து எடுத்துக் கொண்டு, மேஜையில் சரியான தொகையை வைத்து விட்டுப் போனால் நாம் சும்மா இருப்போமா?

தமிழைப் பொறுத்தவரை நாம் ஒரு விதத்தில் கொடுத்து வைத்தவர்கள். 1998 பொங்கல் நாளில் முனைவர் கு.கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்து வருகிறது. ஈழத்து நூல்களுக்கு 2005ல் தொடங்கிய நூலகம் திட்டம் இருக்கிறது. 2013ல் தொடங்கிய "ப்ரீ தமிழ் ஈபுக்ஸ்" தளத்தில் இன்றைய எழுத்தாளர்கள் பலர், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் தங்கள் நூல்களைத் தருகிறார்கள். இவற்றில் எதற்கும் பூட்டு இல்லை. ஒரு முறை டவுன்லோட் செய்தால் அந்த பைல் நம்முடையது.

பார்த்தது

"செல்லுலாய்ட் மேன்" என்ற டாக்குமெண்டரி 2012ல் வெளிவந்தது. இயக்கியவர் சிவேந்திர சிங் துங்கர்பூர். 1964ல் புனேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே.நாயர் பற்றிய படம். பழைய படச் சுருள்களைத் தேடி ஊர் ஊராகப் போன அவரது வாழ்க்கையைப் பார்த்தபோது, எனக்கு உ.வே.சா. நினைவுதான் வந்தது.

நம் முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. டி.பி.ராஜலட்சுமி நடித்தது. இன்று அதன் பிரதி எங்கும் இல்லை. அதற்கும் முன் ஆர்.நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படமான "கீசக வதம்" படமும் இல்லை. போதுமான பிரதிகள் எடுத்துப் பத்திரப்படுத்தாததால் போனவை இவை.

தப்பிப் பிழைத்த ஒரு படத்தின் கதை விசித்திரமானது. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் என்பவர் 1930களின் தொடக்கத்தில் "மார்த்தாண்ட வர்மா" என்ற மௌனப் படத்தைத் தயாரித்தார். சி.வி.ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவிய படம். நாவலை வெளியிடும் உரிமை வைத்திருந்த திருவனந்தபுரம் புத்தக நிறுவனம் வழக்குப் போட, படச் சுருள் அந்த நிறுவனத்தின் வசம் போய்ச் சேர்ந்தது. அங்கேயே பல ஆண்டுகள் கிடந்தது. 1974ல் புனே காப்பகம் அதனைப் பெற்றது. பெட்டிக்குள் கிடந்தாலும் சுருள் சுருளாகவே இருந்ததால், திறந்து திரையிட முடிந்தது.

இன்றைய டிஜிட்டல் படத்திற்கு இந்த வாய்ப்பு உண்டா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆன்லைன் கடையில் அம்மாவுக்குப் பிடித்த பழைய படம் ஒன்றை 199 ரூபாய்க்கு வாங்கினேன். "வாடகை" என்று ஒரு பட்டனும் "வாங்க" என்று ஒரு பட்டனும் இருந்தன. இரண்டாவதைத்தான் அழுத்தினேன். இந்த முறை ஊருக்கு வந்து டிவியில் போடலாம் என்று தேடினால் என் பட்டியலில் அந்தப் படமே இல்லை. விசாரித்ததில், அந்தப் படத்தின் உரிமை ஒப்பந்தம் முடிந்து விட்டது என்று பதில் வந்தது. அம்மா அதற்குச் சொன்னது: "அப்ப அந்த ரெண்டாவது பட்டனுக்கு என்னதான் அர்த்தம்?"

பெரிய நிறுவனங்களிலும் இது நடக்கப் பார்த்தது. டிஸ்கவரி நிறுவனத்தின் நிகழ்ச்சிகளைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் பட்டியலில் இருந்தும் அவை நீக்கப்படும் என்று 2023 டிசம்பரில் சோனியின் பிளே ஸ்டேஷன் அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பியது. அந்த மாதமே புதிய ஒப்பந்தம் போடப்பட்டு, நீக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்க்கலாம். படம் அல்லது புத்தகத்தின் பைல், யாரும் படிக்க முடியாத வகையில் குறியாக்கம் செய்யப்பட்டு நம் கருவிக்கு வருகிறது. அதனைத் திறக்கும் சாவி நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. நாம் பைலைத் திறக்கும்போது நம் கருவியில் உள்ள புரோகிராம் அந்த சர்வரிடம் சாவியைக் கேட்கிறது. நம் கணக்கு சரியாக இருந்தால் சாவி வரும். அது குறிப்பிட்ட காலம் வரை மட்டும் செல்லும்படியும் அமைக்கலாம். சர்வர் நின்று விட்டால், பைல் நம் ஹார்ட் டிஸ்க்கில் முழுதாக இருந்தாலும் அது வெறும் எண்களின் குவியல்தான்.

விளையாடியது

கேம்ஸ் என்றாலே துப்பாக்கிச் சத்தம்தான் என்று நினைக்கும் அம்மாக்களை உட்கார வைத்துக் காட்ட ஒரு கேம் இருக்கிறது. அதன் பெயர் "வெண்பா". கனடாவின் டொரண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் என மூன்று பேர். வெண்பாவின் அம்மா எழுதித் தந்த சமையல் குறிப்பு நோட்டு பழுதாகி, சில இடங்கள் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கின்றன. விடுபட்ட செய்முறையை நாம் யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. 2024ல் பாப்டா விருதும், இண்டிபெண்டன்ட் கேம்ஸ் பெஸ்டிவலின் பெரும் பரிசும் இதற்குக் கிடைத்தன.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். "கண்ணு, இதுக்கு எதுக்குக் காசு குடுக்கறே? அடுப்படிக்கு வந்தா நான் சும்மாவே சொல்லித் தருவனே" என்றார். ஆனால் மகன் வளர்ந்து தமிழைத் தடுமாறிப் படிக்கும் இடம் வந்தபோது எதுவும் பேசவில்லை. மறுநாள் அவருடைய பழைய சமையல் நோட்டை எடுத்து வந்து, "இதையும் உன் போன்ல படம் புடிச்சு வெச்சுக்க" என்றார். 64 பக்கங்கள். பிடித்து வைத்து விட்டேன்.

இது போன்ற கேம்ஸ் நம் கம்ப்யூட்டரிலேயே இயங்குபவை. நெட் இல்லாமலும் விளையாடலாம். ஆனால் எல்லா கேம்களும் அப்படி இல்லை. யூபிசாப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்ட "த க்ரூ" என்ற கார் ரேஸ் கேமைத் தனியாக விளையாடுவதற்கும் நிறுவனத்தின் சர்வர் தேவை. 2024 மார்ச் 31 அன்று அந்த சர்வரை நிறுத்தினார்கள். முழு விலை கொடுத்து டிஸ்க்காக வாங்கியவர்களாலும் அதன் பிறகு விளையாட முடியவில்லை. இதனை எதிர்த்து ராஸ் ஸ்காட் என்பவர் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" என்ற இயக்கத்தைத் தொடங்கினார். விற்பனையை நிறுத்தினாலும் வாங்கியவர் விளையாடும் வழியை விட்டு வைக்க வேண்டும் என்பதே கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கான மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள்.

நம் ஊர்ப் பையன்களுக்கு இந்த அனுபவம் வேறு வடிவில் வந்தது. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் மத்திய அரசால் தடை செய்யப்பட்டது. பின்னர் 2021ல் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் இந்தியாவிற்கென ஒரு பதிப்பு வந்தது. 2022 ஜூலையில் அதுவும் ஆப் ஸ்டோர்களில் இருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்ப வந்தது. தடைக்கான காரணம் நாட்டின் பாதுகாப்பு. அந்த விவாதத்திற்குள் நான் போகவில்லை. விளையாட்டில் துப்பாக்கிக்கும் சட்டைக்கும் கட்டும் பணத்தில் நம் கைக்கு ஒரு பொருளும் வருவதில்லை என்பதை மட்டும் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கலாம்.

இதில் மனதிற்கு இதமான கதையும் ஒன்று உண்டு. 1989ல் வந்த "பிரின்ஸ் ஆப் பெர்சியா" கேமை நம்மில் பலர் பள்ளிக் கம்ப்யூட்டரில் விளையாடியிருப்போம். அதனை எழுதிய ஜோர்டன் மெக்னர், தன் மூல நிரல் தொலைந்து விட்டது என்றே நினைத்திருந்தார். 2012ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியின் பின்பக்கத்தில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே பழைய ப்ளாப்பி டிஸ்க்குகள் இருந்தன. பழைய கம்ப்யூட்டர்களைப் பாதுகாக்கும் ஆர்வலர்கள் வந்து அவற்றைப் படித்து நிரலை மீட்டார்கள். மெக்னர் அதனை அனைவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டார். 20 ஆண்டுகளுக்கு மேல் யாரும் தொடாத டிஸ்க்குகள். ஆனாலும் அவற்றைத் திறக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் நடந்தது

என் பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 2002 முதல் 2004 வரை ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி.எஸ். 50ல் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய், பாட்டிமார்கள் பாடிய கும்மிப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றைக் கேட்டு நோட்டில் எழுதினார். பிறகு பழனியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவற்றை டைப் செய்து இரண்டு சிடிக்களில் பதிந்து வாங்கினார். மொத்தம் 41 பாடல்கள். நோட்டுகளைப் பின்னர் கரையான் தின்று விட்டது. பாடிக் கொடுத்தவர்களில் இன்று யாரும் உயிருடன் இல்லை. பெரியப்பாவும் சென்ற ஆண்டு காலமாகி விட்டார். வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன் அவர்களுக்கு 2024ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது, எல்லோரையும் விட மகிழ்ந்தவர் பெரியப்பாதான்.

பெரியம்மா அந்த சிடி கவரைக் கொண்டு வந்து கொடுத்தார். "உங்க பெரியப்பா என்னமோ பதிஞ்சு வெச்சிருக்காரு. தொறக்குமான்னு பாரு சாமி" என்றார்.

லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லை. யு.எஸ்.பி.யில் இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கினேன். ஒரு சிடியை அது அடையாளமே காணவில்லை. மற்றொன்றில் பட்டியல் தெரிந்தது. ஆனால் காப்பி செய்தால் பாதியில் நின்றது. நாமே பதியும் சிடியில் தகவல் ஒரு சாயப் பூச்சில் பதிகிறது. வெயிலும் ஈரமும் பட்டால் அது மங்கும். இது போன்ற நேரத்தில் திரும்பத் திரும்பக் காப்பி செய்வதை விட, ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்துவது நல்லது. இது முதலில் எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை எடுத்து முழு சிடியின் நகலாக ஒரு பைலில் வைக்கிறது. பிறகு பழுதான பகுதிகளை மட்டும் மீண்டும் மீண்டும் முயல்கிறது. இரவு முழுக்க ஓட விட்டதில் 38 பாடல்கள் கிடைத்தன. முதல் சிடியைப் பழனியில் நண்பர் கடையில் இருந்த பழைய டெஸ்க்டாப்பில் போட்டுப் பார்த்தோம். டிரைவுக்கு டிரைவ் படிக்கும் திறன் மாறும். அதில் இன்னும் இரண்டு கிடைத்தன. ஆக 40.

திறந்து பார்த்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தது. 2000களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் டைப் செய்தவர்களுக்கு இது புதிதல்ல. அன்று ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு தனி ஊர். திஸ்கி, டாப், டாம் எனப் பல குறியீட்டு முறைகள். பாமினி, வானவில் எனப் பல எழுத்துருக்கள். ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்து விடுவார்கள். பாமினியில் "தமிழ்" என்று டைப் செய்தால், கம்ப்யூட்டருக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அவைதான் தெரியும்.

எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. லிப்ரே ஆபீஸில் பைலைத் திறந்து எழுத்தின் மீது கர்சரை வைத்தால், எழுத்துரு நம்மிடம் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே உள்ள கட்டத்தில் தெரியும். பெரியப்பாவின் பைல்களில் இருந்தது பாமினி. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட "ஓப்பன் தமிழ்" என்ற இலவச நிரல் தொகுப்பு, பாமினி உள்ளிட்ட பழைய முறைகளை யூனிகோடுக்கு மாற்றித் தருகிறது. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது. "கெ" என்று எழுதும்போது பழைய எழுத்துருவில் கொம்பு முதலிலும் "க" பின்னரும் பதிவாகும். யூனிகோடில் "க" முதலில் வரும். இந்த வரிசையையும் மாற்றிப் போட வேண்டும். அதனையும் இத்தொகுப்பு செய்து விடுகிறது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பெரியம்மாவை உட்கார வைத்து ஒவ்வொரு பாட்டாகப் படித்துப் பிழை திருத்தினேன். சில ஊர்ப் பெயர்களை அவர்தான் சரி செய்தார். சில இடங்களில் ராகம் போட்டுப் பாடியும் காட்டினார். அதையும் பதிந்து கொண்டேன். கிடைக்காத அந்த ஒரு பாட்டின் பைல் பெயர் மட்டும் இருக்கிறது: ஒப்பாரி 7. அதன் முதல் இரண்டு அடிகள் அவருக்கு நினைவிருந்தன. அவ்வளவுதான் மிச்சம்.

இப்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிடி மங்கியிருந்தது, எழுத்துரு வழக்கொழிந்திருந்தது, எழுதியவரும் இல்லை. ஆனாலும் 40 பாடல்கள் திரும்பக் கிடைத்தன. ஏனென்றால் அந்த சிடி எங்களுடையது. முயன்று பார்க்க யாரும் தடை சொல்லவில்லை. நான் வாங்கிய அந்த 199 ரூபாய்ப் படத்திற்கு இது எதுவும் செய்ய வழியில்லை. சாவி நம் கையில் இருந்தால் பொருளைக் காப்பாற்றும் கஷ்டமும் நமக்கே வரும். சாவி இல்லாவிட்டால் கஷ்டப்படும் வாய்ப்பு கூடக் கிடையாது.

பூட்டே வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. படம் எடுத்தவருக்கும் புத்தகம் எழுதியவருக்கும் வருமானம் வேண்டும். மாதச் சந்தா கட்டி ஓ.டி.டி.யில் படம் பார்ப்பதிலும் தவறில்லை. வாடகை வீட்டில் குடியிருப்பது போலத்தான் அது. வாடகை என்று சொல்லிக் கொடுக்கட்டும், நாமும் வாடகை என்று தெரிந்தே எடுத்துக் கொள்வோம். "வாங்க" என்று எழுதி வாடகைக்குத் தருவதில்தான் சிக்கல். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதற்கென ஒரு சட்டம் போட்டது. உரிமம் மட்டுமே தரும் டிஜிட்டல் பொருளை "வாங்க" என்று சொல்லி விற்றால், அது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஸ்டீம் என்னும் கேம்ஸ் கடை 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் இடத்தில் இதைச் சொல்லும் வரியைச் சேர்த்து விட்டது.

பூட்டை உடைக்கும் புரோகிராம்களைத் தேடிப் போக வேண்டாம். 2012ல் நம் காப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்துடன் இவற்றை உடைப்பது இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பூட்டில்லாத பொருளாகத் தேர்ந்தெடுத்து வாங்குவதே நல்ல வழி.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள். இந்த நிறுவனம் நாளை மூடப்பட்டால் இது திறக்குமா? திறக்காது என்றால் அதனை வாடகையாக மட்டும் கருதி, அதற்கேற்ற விலை கொடுக்கலாம்.

2. கேம்ஸ் வாங்குவதாக இருந்தால், ஜி.ஓ.ஜி. என்ற தளத்தில் டி.ஆர்.எம். இல்லாதவை கிடைக்கின்றன. இன்ஸ்டால் செய்யும் பைலையே டவுன்லோட் செய்து வைத்துக் கொள்ளலாம். பாட்டுக்கு எம்பி3, புத்தகத்திற்கு ஈபப் அல்லது பி.டி.எப். என்று பல புரோகிராம்களில் திறக்கக் கூடிய வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

3. வீட்டில் பழைய எழுத்துருவில் டைப் செய்த கடிதம், கணக்கு, கவிதை எது இருந்தாலும் இப்போதே யூனிகோடுக்கு மாற்றி விடுங்கள். அந்த எழுத்துருவை அறிந்தவர்கள் இருக்கும்போதே செய்தால் பிழை திருத்துவது எளிது.

4. முக்கியமான பைல்களுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். இரண்டு வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று வேறு ஊரில், அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கட்டும். பென் டிரைவை மட்டும் நம்பி ஆண்டுக் கணக்கில் விட்டு விட வேண்டாம்.

5. ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டரைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அதற்கு முந்தைய நாள் பேக்கப் எடுத்து வைத்த ஹார்ட் டிஸ்க்கை இணைத்து, பத்து பைல்களையாவது திறந்து பார்த்து விடுங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

6. கூகுள் கணக்கில் இருக்கும் போட்டோக்களையும் பைல்களையும் "டேக்அவுட்" வசதி மூலம் ஆண்டுக்கு ஒரு முறை டவுன்லோட் செய்திடுங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்துகிறது. வீட்டில் ஒருவர் இறந்து போனால், அவர் கணக்கில் உள்ள அனைத்தும் இப்படிப் போய்விடலாம். அதே கூகுள் கணக்கின் செட்டிங்ஸில் "இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்" என்று ஒரு பிரிவு இருக்கிறது. நீண்ட நாள் நாம் பயன்படுத்தாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதை அவருக்குத் தர வேண்டும் என்று அதில் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். பத்து நிமிட வேலைதான்.

இந்த ஆறில் எதுவும் பெரிய செலவு வைப்பதில்லை. முதலில் உங்கள் வீட்டு அலமாரியின் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய சிடி, ப்ளாப்பி, மெமரி கார்ட் எது கிடைத்தாலும், அதில் என்ன இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதன் மேலேயே எழுதி வையுங்கள். திறக்கும் வேலையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கொள்ளலாம். கேட்கும் வேலையை மட்டும் தள்ளிப் போட வேண்டாம்.